நத்தைத் தொட்டி இங்கேயே இருக்கட்டும்

என் அன்பு மகளுக்கு,

அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவன் கருணையால் இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு, படுத்து எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் கையெழுத்து கோணாமல் இருப்பதைப் பார்த்ததுமே நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று மனசுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று சாயந்தரம் உன் கடிதத்தை நான் சத்தமாக வாசித்தபோது முன்னறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு நீ போனில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஜன்னலோரம் முட்டிக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டு உன் அப்பா. தையல் மெஷினுக்குப் பின்னால், உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு உன் சித்தி. இதோ கிளம்பிவிட்டேன் இதோ கிளம்பிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே கதவைப் பிடித்தபடி நின்ற மாடி வீட்டு டீச்சர். நான். தொட்டிக்குள்ளே உன் சின்ன மீன்கள், அப்புறம் நத்தைகளில் பெரியவர், மஞ்சக்காரி, சண்டியர், பொடிசு. பொடிசு கல்லுக்குப் பின்னால் இருந்தது, கண்ணில் படவில்லை, ஆனாலும் கணக்கில் உண்டு. பெயரெல்லாம் அப்பா வைத்தது, நீ வைத்த இங்கிலீஷ் பெயர் எதுவும் எங்கள் வாயில் நுழையவில்லை.

நீ அடுப்பைப் பற்ற வைக்கத் தெரியாமல் பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்ட கதையைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், டீச்சர்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்புறம் கடைசிப் பக்கம் வந்தது. தொட்டியை உங்கள் தலையில் கட்டிவிட்டு வந்தது என் தப்பு, ஆபரேஷன் ஆன முட்டியோடு அப்பாவை வாளி தூக்க வைத்துவிட்டேன், பழைய ஆபீஸ் தோழியிடம் பேசி முடித்துவிட்டேன், அவள் மாதக் கடைசியில் காரோடு வந்து மீன், நத்தை, கல், தொட்டி எல்லாவற்றையும் கொண்டுபோய்விடுவாள் என்று எழுதியிருந்தாய். நான் வாசித்து நிறுத்தியதும் அப்பா கைத்தடியைக்கூட எடுக்காமல் எழுந்துபோய், தொட்டி மூடியைத் திறந்து, சரியாக இருந்த கல்லை எடுத்து மறுபடியும் சரியாக வைத்தார். உன் சித்தி விடுவாளா, என்ன மாமா, பொண்ணைக் கட்டிக் கொடுத்து வண்டி ஏத்தி விடப்போற மாதிரி முகம் இப்படித் தொங்குதே என்றாள். அவர், உன் ஊசியை முழுங்கிடாம வேலையைப் பாரு, தண்ணி கலங்கியிருந்துச்சு, பார்த்தேன் என்றார். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

நீ நினைத்தது நியாயம்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நீ போன பிறகு இங்கே நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. கவலைப்படுவாய் என்று போனில் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று மட்டும் சொல்லி வைத்தோம். இப்போது நிஜமாகவே நன்றாக இருப்பதால் சொல்கிறேன். நீ கிளம்பிய அவசரத்தில் வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றும்மா என்றாய், எந்தத் தண்ணீர் என்று நீயும் சொல்லவில்லை நானும் கேட்கவில்லை. வாயில்லாத ஜீவன், ஆண்டவன் படைப்பு, மகள் நம்பி விட்டுப் போனது, அதற்குப் போய்க் குழாய்த் தண்ணீரா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. ஃபில்டர் மெஷினில் பிடித்து, நாம் குடிப்பதற்கு வைத்திருக்கிற செம்புக் குடத்தில் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்து, காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு அதைத்தான் மொண்டு ஊற்றினேன். வாரம் ஒரு தடவை என்று நீ சொன்னதும் எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது, நாம் தினம் குளிக்கவில்லையா என்று நினைத்துத் தினமும் மாற்றினேன். கண்ணாடியில் பச்சையாகப் பாசி படிந்தால் என் கை சும்மா இருக்குமா, ஸ்பாஞ்சை எடுத்து மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, வருகிறவர்கள் தொட்டியில் கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற அளவுக்கு வைத்திருந்தேன். சுத்தம் சோறு போடும் என்பார்கள், இங்கே என் சுத்தம் அவற்றின் சோற்றையே துடைத்து எடுத்துவிட்டது, அது எனக்குத் தெரியவில்லை.

முதலில் ஓட்டின் உச்சியில் வெள்ளை தட்டியது, காரை உதிர்ந்த சுவர் மாதிரி சின்னச் சின்னப் பள்ளம். வயசாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் கொம்பை நீட்டுவது குறைந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் மஞ்சக்காரி தண்ணீரை விட்டு மேலே ஏறி மூடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள், சண்டியர் மூலையில் சுருண்டு கிடக்கிறது, பெரியவர் அடியில் கவிழ்ந்து வாசலைச் சாத்திக்கொண்டுவிட்டார். நத்தைக்கு வாயிலில் ஒரு மூடி இருக்கிறதே, அதைத்தான் உன் அப்பா கதவு என்கிறார். மீன்கள் மட்டும் ஊர் வம்பு எனக்கெதுக்கு என்று சுற்றிக்கொண்டிருந்தன, அதனால் தண்ணீரில்தான் கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை. மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன், அவர், போனா போகட்டும்மா, புதுசா நாலு வாங்கிக்குங்க என்றார். பக்கத்தில் இருந்த உன் அப்பாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, போனை என் கையிலிருந்து வாங்கி, உங்க வீட்டுல யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் இதையேதான் சொல்வீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதுவரைக்கும் அவர் அந்தத் தொட்டியை ஏறெடுத்துப் பார்த்தது கிடையாது. வேலையை விட்ட பிறகு அவர் எப்படி இருந்தார் என்பதை நீ கொஞ்சம்தான் பார்த்தாய். காலமெல்லாம் ஆம்புலன்ஸ் ஓட்டின மனுஷனை நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன ஆகும், டிவியோடு சண்டை, செய்தித்தாளோடு சண்டை, தெருவில் எவன் ஹாரன் அடித்தாலும் ஜன்னலிலிருந்து வழியை விடுய்யா என்று கத்தல். டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் நாளைக்கு என்பார், அந்த நாளை வரவே இல்லை. அப்படிப்பட்டவர் அன்று எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. நான், ஏன் இப்படி ஆச்சு, ஏன் இப்படி ஆச்சு என்று புலம்பிக்கொண்டிருக்கிறேன், அவர், முதல்ல ஆளை வெளிய எடு, காரணத்தை அப்புறம் கேட்டுக்கலாம் என்று சொல்லி, துணி ஊற வைக்கிற பிளாஸ்டிக் டப்பைக் கழுவி, குளியலறையில் முதல் நாள் பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரை ஊற்றி நாலையும் அதில் இறக்கினார். பிடித்து இழுக்காமல் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தித்தான் எடுத்தார், எப்படித் தெரியும் என்று கேட்டால், அடிபட்டவங்களை அப்படித்தான் எடுக்கணும் என்கிறார். பெரியவருக்கு உயிர் இருக்கிறதா என்று தெரியவில்லை. செத்த நத்தை நாறும், மோந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று டீச்சர் சொன்னார். அப்பா சித்தியைப் பார்த்தார். அவள், நான் தையல்காரி, மோப்ப நாய் இல்லே என்று சொல்லிவிட்டு, கடைசியில் அவள்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து மூக்கை விட்டுவிட்டு மோந்து பார்த்தாள். நாறவில்லை.

மத்தியானத்துக்கு மேல் பெரியவர் கதவைக் கொஞ்சம் திறந்தார். பிறகு ஒரு கொம்பு, பிறகு இன்னொரு கொம்பு. அதன் பிறகு டப்பின் ஓரமாக ஏறி, தண்ணீர் மட்டத்துக்கு வந்து, கழுத்துப் பக்கத்திலிருந்து ஒரு குழாயை வெளியே நீட்டிக் காற்றை இழுத்தார். அது மூச்சு விடுகிற குழாய், உனக்குத் தெரியும், எங்களுக்கு அன்றுதான் தெரியும். அப்பா கையைத் தட்டி, ஆக்ஸிஜன் எடுத்துட்டாருடி, பிழைச்சுட்டாரு என்று கத்தினார், மாடியிலிருந்து டீச்சர் இறங்கி ஓடி வந்தார். சந்தோஷத்தில் நாலையும் தூக்கி மறுபடி தொட்டியில் விட்டோம். விட்ட கொஞ்ச நேரத்தில் பெரியவர் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதுதான் அப்பா மெதுவாகத் திரும்பி, ஏம்மா, இந்தத் தொட்டியில நீ என்னதான் ஊத்துறே என்று கேட்டார். நானும் பெருமையாகத்தான் சொன்னேன், பாதி சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. டப்பில் இருந்தது சாதாரணத் தண்ணீர், தொட்டியில் இருந்தது என் விசேஷத் தண்ணீர், வித்தியாசம் அது ஒன்றுதான். மறு பேச்சில்லாமல் நத்தைகளைத் திரும்ப டப்புக்கு மாற்றினோம்.

அடுத்த நாள் நான் நூலகத்துக்குக் கிளம்பினேன், அப்பா தடியை எடுத்துக்கொண்டு நானும் வரேன் என்றார். மருத்துவர் எத்தனையோ முறை சொல்லியும் நடக்காதவர் அங்கே வரை நடந்தார். மீன்தொட்டிப் புத்தகம் ஒன்று கிடைத்தது, தடியான புத்தகம், நத்தைக்கு என்று அதில் கொஞ்சம் பக்கங்கள்தான், அதை இரண்டு தடவை படித்தேன். நத்தைக்குச் செம்பு ஆகவே ஆகாதாம், துளி கலந்தாலும் விஷமாம், அதனால் மீனுக்குக் கொடுக்கிற மருந்தில்கூடச் செம்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டுமாம். ஃபில்டர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தே இருக்காது, அதில் கிடந்தால் ஓடு கரைந்துகொண்டே போகும் என்றும் போட்டிருந்தது. எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது மகளே, எழுத்து தெரியவில்லை. நல்லதிலும் நல்லது என்று நினைத்துக் கொடுத்ததெல்லாம் ஒவ்வொன்றாக அதற்குக் கேடாக முடிந்திருக்கிறது. அப்பா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நீ கெடுதல் நினைச்சா ஊத்தினே, புண்ணியத்தைக் கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்திட்டே, அவ்வளவுதான் என்றார். நூலகத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி நான் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டேன். அன்று பிரார்த்தனையில் மன்னிப்பும் கேட்டேன், இனிமேல் அன்பு வைப்பதற்கு முன்னால் விசாரித்துக்கொள்கிற புத்தியைக் கொடு என்றும் கேட்டேன்.

இப்போது எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்கிறேன், தப்பு இருந்தால் நீ திருத்து. பழைய தண்ணீரை வெளியே கொட்டிக் கல்லையெல்லாம் அலசி எடுத்து, குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்து, குளோரின் போவதற்கு நீ விட்டுப்போன மருந்துச் சொட்டை விட்டு நிரப்பினோம். தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம்தான் மாற்றுகிறோம், தினம் ஊற்ற என் கை துறுதுறுக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். வாளியை அப்பா தூக்குவதில்லை, அதை நீ மனசில் நன்றாக வாங்கிக்கொள், மெல்லிய குழாய் போட்டுத் தண்ணீரை இறக்குகிறோம், சித்தி அரை வாளி அரை வாளியாகக் கொண்டுவந்து வைக்கிறாள், நான் மக்கால் ஊற்றுகிறேன், அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி மெதுவா, மெதுவா என்று எங்களை விரட்டுகிறார். ஓட்டுக்குச் சத்து வேண்டுமென்று பறவைத் தீனி விற்கிற கடையில் கணவாய் மீன் ஓடு வாங்கிப் போடுகிறோம், அந்தக் கடை எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும், அவர் நடந்தே போய் நடந்தே வருகிறார். கீரையோ வெள்ளரித் துண்டோ லேசாக வேகவைத்து, மிதக்காமல் இருக்க ஸ்பூனில் கோத்துப் போடுகிறோம், மிச்சம் கிடந்தால் அழுகுவதற்கு முன்னால் எடுத்துவிடுகிறோம். முன் கண்ணாடியை மட்டும் துடைக்கிறேன், பின் கண்ணாடிப் பாசியைத் தொடுவதில்லை, அது அவற்றின் சாப்பாட்டு மேஜை. பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறேன். மூடியை ஒரு தடவை சரியாக மூடாமல் விட்டதில் சண்டியர் இறங்கிப் போய்ச் சித்தியின் செருப்புக்குள் இருந்தது, அவள் போட்ட சத்தத்துக்கு மாடி வீடே இறங்கி வந்துவிட்டது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, அவளுக்குத்தான் அன்றைக்கு முழுக்கப் படபடப்பு.

இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், தொட்டி எங்களுக்குப் பாரமாக இருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். போன வாரம் வெயில் சாய்கிற நேரத்தில் அப்பா தொட்டி முன்னால் வெகு நேரமாக உட்கார்ந்திருந்தார். நான், நத்தை நடக்கிறதுல பார்க்க அப்படி என்ன இருக்கு, ஓடுற வண்டியையே ஓட்டிப் பழகின உங்களுக்கு இது பொறுக்குதா என்று சீண்டினேன். அவர் திரும்பாமலே, இத்தனை வருஷம் எத்தனையோ பேரை ஏத்திட்டுப் போய் இறக்கி விட்டிருக்கேன், கதவைச் சாத்தினதும் அடுத்த கூப்பாடு வந்துடும், பின்னால படுத்திருந்தவங்க பிழைச்சாங்களா இல்லையான்னு நான் பார்த்ததே கிடையாது, இப்பதான் முதல் தடவையா ஒருத்தர் பிழைக்கிறதை உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். கீரையை அங்கேயே ஆய்ந்துகொண்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் கூட இருந்து இதை நான் கேட்டதே இல்லை பார்.

பெரியவரின் ஓட்டில் பழைய பள்ளங்கள் அப்படியேதான் இருக்கின்றன, அது ஆறாதாம். ஆனால் வாசல் ஓரத்தில் புது ஓடு வந்துகொண்டிருக்கிறது, ஒரு கோடு போட்ட மாதிரி, கோட்டுக்கு மேலே கரடுமுரடு, கீழே வழவழப்பு. அந்தப் புது ஓடு ஒரு சுற்று வந்துவிட்டால் கவலை இல்லை என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றைக்கு உன் கடிதம் வந்த பிறகு அதைச் சொல்லவில்லை. இன்று காலையில் என்னிடம், அவ தோழி வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது, செம்புக் குழாயா, குழந்தை இருக்கிறதா, இருந்தால் மூடியைத் திறக்குமா, இதையெல்லாம் கேட்டு எழுது, வந்ததும் அந்தப் பெண்ணுக்கு எல்லாம் விளக்கிச் சொல்லணும் என்றார். இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். கேட்காதே, அவ பொருள், அவ வாக்குக் கொடுத்துட்டா, பிள்ளைங்க கொடுத்த வாக்குல நாம குறுக்க நிக்கக் கூடாது என்றார். இப்போது பறவைக் கடைக்குப் போயிருக்கிறார், அவர் கேட்கச் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்கிறேன்.

கொடுத்த வாக்கை எங்களுக்காக உடைக்கச் சொல்ல மாட்டேன், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆனால் ஒரு வழி இருக்கிறது. முந்தாநாள் மூடிக்கு அடியில் தண்ணீர் படாத இடத்தில் ரோஸ் கலரில் ஒரு கொத்து ஒட்டிக்கொண்டிருந்தது. எவனோ பபிள்கம் ஒட்டிட்டுப் போயிருக்கான் என்று உன் சித்தி சுரண்டக் கரண்டியோடு வந்துவிட்டாள், நான் அந்தப் புத்தகத்தில் படித்திருந்ததால் தடுத்தேன். மஞ்சக்காரி இட்ட முட்டை. பொரித்துக் குஞ்சுகள் கொஞ்சம் பெரிசானதும் உன் தோழிக்கு நல்லதாக வேண்டிய மட்டும் கொடுக்கிறோம், சின்னத் தொட்டி ஒன்று அவள் வைத்துக்கொண்டால் போதும், எப்படி வளர்ப்பது என்று அப்பாவே போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவார். அவள் இதற்குச் சம்மதித்தால் பெரிய தொட்டி இங்கேயே இருக்கட்டும். இல்லை, எனக்கு இந்தத் தொட்டிதான் வேண்டும் என்று சொன்னால் அதுவும் நியாயம், முகம் சுளிக்காமல் துடைத்துக் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்கு வேறு ஏதாவது நான் தேடிக்கொள்கிறேன். அவளைக் கட்டாயப்படுத்தாதே, கேட்டு மட்டும் பார்.

உனக்கு ஒன்றிரண்டு வார்த்தை. நின்றுகொண்டே சாப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய், உட்கார்ந்து சாப்பிடு, எவ்வளவு வேலை இருந்தாலும் தட்டை மடியிலாவது வைத்துக்கொள். பக்கத்து அறைப் பெண்ணுக்கு நீயும் ஏதாவது சமைத்துக் கொடு, வாங்கிக்கொண்டே இருப்பது நன்றாக இல்லை. தூங்கும் முன் ஒரு நிமிஷமாவது கண்ணை மூடிக் கும்பிடு, கேட்கிறதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சித்தி உனக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறாள், இளைத்திருப்பாயா பருத்திருப்பாயா என்று தெரியாமல் ஓரத்தில் துணி விட்டுத் தைத்திருக்கிறாள், அளவு எழுது. அப்பா தன் ஆசீர்வாதத்தைச் சொல்லச் சொன்னார், முட்டி பரவாயில்லை என்றும் சொல்லச் சொன்னார், நிஜமாகவே பரவாயில்லை.

ஆண்டவன் உன்னை வெயிலிலும் குளிரிலும் கைவிடாமல் வைத்திருக்கட்டும், போகிற இடமெல்லாம் நல்ல மனுஷர்களைத் துணைக்குக் கொடுக்கட்டும். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. உன் தோழியிடம் கேட்டுவிட்டு, அவள் என்ன சொன்னாளோ அதை அப்படியே சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா